பழைய மோட்டார் வண்டியின் பராமரிப்பும் தகுதிச் சோதனையும்

இயந்திரங்கள் யாவும் இரண்டு வகையான மூப்பை அடைகின்றன. ஓடுவதனால் வருவது ஒன்று. ஓடாது நிற்பதனால் வருவது மற்றொன்று. ஓடும் வண்டியின் உறுப்புகள் ஒன்றோடொன்று உராய்ந்து தேய்கின்றன. நிற்கும் வண்டியில் ஈரந் தங்கி இரும்பு கறள் பிடிக்கின்றது. இறப்பர் வறண்டு வெடிக்கின்றது. அசைய வேண்டிய உறுப்புகள் இறுகிப் போகின்றன. பழைய மோட்டார் வண்டியொன்றை வைத்திருப்பவர் இவ்விரு மூப்பையும் ஒருங்கே எதிர்த்து நிற்க வேண்டியவராகின்றார். இவற்றுள் பெரும்பாலானவை கண்ணுக்கு எட்டாத இடங்களில், ஓசையின்றி, சிறிது சிறிதாக நிகழ்வன. வெளியே வர்ணம் மின்னும் வண்டியின் அடியில், சில்லைத் தாங்கும் உறுப்பு முறியும் நிலையில் இருத்தல் கூடும். ஆதலினாலேயே வீதியில் ஓடும் வண்டிகளைக் காலந்தோறும் சோதித்தல் வேண்டும் என்னும் கொள்கை பல நாடுகளிலும் சட்டமாயிற்று.

இப்பொருளைப் பொதுப்படக் கூறுவதிலும் ஒரு வண்டியையும் ஒரு சோதனையையும் எடுத்துக்கொண்டு ஆராய்தல் தெளிவு தரும். இலங்கையிலும் பிரித்தானியாவிலும் நன்கறியப்பட்ட மொறிஸ் மைனர் வண்டியும், பிரித்தானியாவில் எம்.ஓ.ரி. என வழங்கும் ஆண்டுச் சோதனையும் அதற்கு ஏற்ற எடுத்துக்காட்டுகளாகும்.

வண்டியும் சோதனையும்

மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டில் இலண்டன் ஏள்ஸ் கோட் மோட்டார்க் காட்சியில் மக்கள் பார்வைக்கு வந்தது. அதனை அமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிற்காலத்தில் மினி என்னும் சிறு வண்டியை அமைத்தவரும் அவரே. தொடக்கத்தில் 918 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய எஞ்சின் இவ்வண்டியிற் பூட்டப்பட்டது. 1952இல் 803, 1956இல் 948, 1962இல் 1098 என எஞ்சின் பலமுறை மாறியபோதிலும் வண்டியின் அடிப்படை அமைப்பு மாறவில்லை. 1960 டிசெம்பரில் பத்து இலட்சமாவது வண்டி தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது. அத்தொகையை எட்டிய முதற் பிரித்தானிய வண்டி இதுவே. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது 16 இலட்சத்திற்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டிருந்தன. அவற்றுட் பல இலங்கைக்கு வந்தன. 1960களிலும் 1970களிலும் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையால் இருந்த வண்டியைப் பேணி ஓட்டுவதன்றி வேறு வழி இலங்கையருக்கு இருக்கவில்லை. அப்பழக்கத்தின் வழியே வளர்ந்த கைத்திறன் காரணமாக, 1990களில் மொறிஸ் மைனருக்குரிய தகட்டுறுப்புகள் இலங்கையிற் செய்யப்பட்டு, அவ்வண்டி பிறந்த நாட்டுக்கே அனுப்பப்பட்டன.

பிரித்தானியாவின் தகுதிச் சோதனை 1960இல் ஏர்னஸ்ற் மாப்பிள்ஸ் போக்குவரத்து அமைச்சராயிருந்தபோது தொடங்கியது. பத்து ஆண்டு கடந்த வண்டிகளே முதலிற் சோதிக்கப்பட்டன. பிறேக், விளக்கு, ஸ்ரியறிங் என்னும் மூன்றுமே அன்று நோக்கப்பட்டன. தகுதியின்றித் திருப்பியனுப்பப்பட்ட வண்டிகளின் தொகை அஞ்சத்தக்கதாயிருந்தமையால் 1961இல் பத்து ஆண்டு ஏழு ஆண்டாகவும், 1967இல் மூன்று ஆண்டாகவும் குறைக்கப்பட்டது. 1968இல் ரயரும், 1977இல் கண்ணாடித் துடைப்பான், ஊதுகுழல், புகைக்குழாய், உடற்சட்டம் முதலியனவும், 1991இல் புகையின் அளவும் சோதனையிற் சேர்க்கப்பட்டன.

2018 மே 20ஆம் திகதி மற்றொரு மாற்றம் வந்தது. நாற்பது ஆண்டு கடந்து, பெருமாற்றம் எதுவும் செய்யப்படாத வண்டிகள் இங்கிலாந்து, ஸ்கொத்லாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளில் இச்சோதனையினின்றும் விலக்கப்பட்டன. இத்தகைய வண்டிகள் குறைந்த தூரமே ஓடுகின்றன, உரிமையாளராற் கருத்தோடு பேணப்படுகின்றன என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். ஆகவே மாற்றப்படாத மொறிஸ் மைனர் ஒன்று இன்று அந்நாட்டிற் சோதனைக்குட்பட வேண்டியதில்லை. எனினும், அபாயமான நிலையிலுள்ள வண்டியை வீதியிற் செலுத்துவது அன்றுபோல் இன்றுங் குற்றமே. சோதனை நீங்கியது, பொறுப்பு நீங்கவில்லை.

இலங்கையின் நிலையும் இதனோடு ஒப்புநோக்கற்பாலது. பஸ், லொறி முதலியன தகுதிச் சான்றிதழ் பெறவேண்டியவை. தனியார் காருக்கோ ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறும்போது காப்புறுதியும், 2008ஆம் ஆண்டிலே தொடங்கிய புகைப் பரிசோதனையின் சான்றிதழுமே வேண்டப்படுகின்றன. புகைக்குழாயின் முனையில் வைக்கப்படும் கருவி எஞ்சினின் நலத்தைக் காட்டுமேயன்றிப் பிறேக்கின் நலத்தைக் காட்டாது. எனவே இரு நாட்டிலும் பழைய காரை வைத்திருப்பவர் தாமே அதன் சோதகராதல் வேண்டும். அச்சோதகர் எவற்றை நோக்குவார், எவ்வாறு நோக்குவார் என்பதே இனி ஆராயத்தக்கது.

உடற்சட்டமும் கறளும்

பழைய லொறியில் இரும்புச் சட்டகம் வேறு, அதன்மேல் ஏற்றிய உடல் வேறு. மொறிஸ் மைனரில் அவ்வாறன்று. மடித்தும் ஒட்டியும் அமைத்த தகடுகளே சட்டகத்தின் வேலையையுஞ் செய்கின்றன. ஆகவே தகட்டிற் கறள் பிடித்தல் அழகைக் கெடுப்பதோடு நில்லாது வலிமையையும் அழிக்கின்றது. கதவுகளின் கீழுள்ள பெட்டிவடிவத் தகடுகள், நடுவிற் குறுக்காக ஓடும் தாங்குசட்டம், பின் வில்லுகள் பொருந்தும் இடங்கள், ஜாக்கி வைக்கும் இடங்கள், தரைத்தகடு என்பன முதலிற் கறள் பிடிப்பன. சில்லுகள் எறியும் சேறு அங்குத் தங்கி, ஈரத்தை நாட்கணக்கில் வைத்திருப்பதே காரணம். அடியிலுள்ள நீர்வடியும் துவாரங்கள் அடைபட்டால் தகடு உள்ளிருந்தே அழியும். கடற்கரையை அடுத்த ஊர்களில் உப்புக்காற்று இவ்வழிவை விரைவுபடுத்தும்.

இவ்விடங்களைக் கண்ணாற் பார்த்தல் மட்டும் போதாது. சிறு சுத்தியலால் மெல்லத் தட்டினால் நல்ல தகடு கணீரென ஒலிக்கும். கறள் தின்ற தகடு மந்தமாக ஒலிக்கும். விரலால் அழுத்தினால் நெளியும் தகடு உட்புறம் உக்கியது எனக் கொள்ளலாம். வில்லு, ஸ்ரியறிங், பிறேக் முதலியன பொருந்தும் இடங்களைச் சூழ்ந்து 30 சென்ரிமீற்றர் எல்லைக்குள் தகடு வலிமை கெட்டிருப்பின் பிரித்தானியச் சோதகர் வண்டியைத் தள்ளிவிடுவார். அவ்விடங்களில் உக்கிய பகுதியை வெட்டி நீக்கிப் புதுத் தகட்டைத் தொடர்ச்சியாக ஒட்டுவேலை செய்து பொருத்துதலே முறை. பசைமாவால் ஓட்டையை அடைத்து வர்ணம் பூசுதல் புண்ணை மூடித் துணி கட்டுதலை ஒக்கும். ரவலர் என்னும் வகை வண்டியின் பின்புறத்து மரச்சட்டம் அலங்காரமன்று. அதுவும் வண்டியின் பாரத்தைத் தாங்குவதால் மரம் உக்கியிருப்பினும் வண்டி தகுதியிழக்கும்.

முன்சில்லைத் தாங்கும் உறுப்பு

மொறிஸ் மைனரில் உயிருக்கு இறுதி விளைக்கக்கூடிய பலவீனம் ஒன்று உண்டு. முன்சில்லு திரும்புதற்கு அச்சாக ஒரு நிமிர்ந்த தண்டு உளது. அத்தண்டின் மேல்முனையும் கீழ்முனையும் திருகுபோற் புரி வெட்டப்பட்டு, திரனியன் எனப்படும் உலோகத் துண்டினுட் பொருந்தியிருக்கின்றன. சில்லு திரும்புந்தோறும் அப்புரிகள் ஒன்றனுள் ஒன்று உராய்கின்றன. அவற்றுக்கிடையே கிறீஸ் இல்லையாயின் உலோகம் உலோகத்தைத் தின்னும். புரிகள் முற்றத் தேய்ந்த ஒருநாள் தண்டு கீழ்த் திரனியனைவிட்டுக் கழன்று, சில்லு மட்காட்டின் கீழ் மடங்கி, வண்டி ஒருபுறம் நிலத்தில் வீழும். பெரும்பாலும் இது மெதுவாகத் திருப்பும்போது, வீட்டு வாயிலிலோ சந்தியிலோ நேர்வதாயினும், வேகமாக ஓடும்போது நேரின் விளைவு சொல்லுந் தரத்ததன்று.

இதனைத் தடுப்பதற்கு வேண்டும் பொருள் கிறீஸ் ஒன்றே. ஒவ்வொரு புறத்திலும் மேலும் கீழுமாகக் கிறீஸ் ஏற்றும் முளைகள் உள. பழைய கைந்நூல்கள் 1000 மைலுக்கு ஒருமுறை ஏற்றுமாறு கூறின. குறைவாக ஓடும் வண்டிக்கு மைற்கணக்கைவிட மாதக் கணக்கே பாதுகாப்பானது. வண்டியின் பாரம் சில்லில் இல்லாதவாறு ஜாக்கியால் உயர்த்தி, புதுக் கிறீஸ் மறுபுறம் பிதுங்கும்வரை ஏற்றுதல் வேண்டும். பாரம் அழுத்திக்கொண்டிருக்கும்போது ஏற்றினால் கிறீஸ் சேரவேண்டிய இடத்திற் சேராது. உயர்த்திய நிலையிலே சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப்பார்க்க வேண்டும். ஆட்டம் தெரியின் அது சில்லின் பெயாறிங்கிலா, திரனியனிலா என்பதை மற்றொருவர் பிறேக்கை மிதித்துக்கொண்டிருக்க ஆட்டி அறியலாம். மிதித்தவுடன் ஆட்டம் நின்றால் குறை பெயாறிங்கிலும், நில்லாதாயின் குறை தாங்கும் உறுப்புகளிலும் உளது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் எவரும் புகலாகாது. உறுதியான தாங்கிகளை வைத்த பின்னரே புகுதல் வேண்டும்.

பிறேக்

நான்கு சில்லுகளின் பிறேக்கையும் இயக்குவது ஒரே குழாய்த்தொடரில் அடைபட்ட திரவமாகும். மிதிக்கும் அழுத்தத்தைத் திரவம் நான்கு சில்லுகளுக்குங் கொண்டுசெல்கின்றது. பிற்கால வண்டிகளில் இத்தொடர் இரண்டாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒன்று பழுதாயினும் மற்றது நிறுத்தும். மொறிஸ் மைனரில் அவ்வசதியில்லை. ஓரிடத்திற் குழாய் வெடித்தால் நான்கு சில்லும் ஒருங்கே பிறேக்கை இழக்கும். இவ்வண்டியைப் பேணுபவர் மறக்கலாகாத உண்மை இது.

பிரதான சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைத்தகட்டின் கீழ் அமைந்துள்ளது. விரிப்பை நீக்கி மூடியைக் கழற்றினாலன்றித் திரவத்தின் அளவு தெரியாது. கண்ணில் படாமையால் ஆண்டுக்கணக்காகத் திறந்து பாராதவர்களும் உளர். திரவம் குறைந்திருப்பின் மேலும் ஊற்றுவதோடு அமையாது, அது சென்ற வழியைத் தேடவேண்டும். சில்லின் உட்புறத்தில் ஈரக்கறை தெரிதல், வண்டி ஒருபுறமாக இழுத்தல், மிதித்துக்கொண்டிருக்க மிதி மெல்ல இறங்குதல் ஆகியன ஒழுகலின் அறிகுறிகள். இறப்பர்க் குழாய்களை வளைத்து வெடிப்பு உளதோ எனவும், இரும்புக் குழாய்களைத் துடைத்துக் கறள் உளதோ எனவும் நோக்கவேண்டும். செம்பும் நிக்கலுங் கலந்த குழாய்கள் கறள் பிடியாமையால் மாற்றும்போது அவற்றையே பூட்டுதல் நன்று.

பிறேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. நீர் சேரச் சேர அதன் கொதிநிலை தாழும். நெடும் இறக்கத்தில் பிறேக் சூடேறும்போது திரவம் கொதித்து ஆவியானால் மிதி வெறுமையாகும். அன்றியும் ஈரம் சிலிண்டர்களை உள்ளிருந்து அரிக்கும். ஆதலால், ஓடினும் ஓடாவிடினும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றுதல் வேண்டும். எஞ்சின் ஒயிலைத் தவறியும் அதில் ஊற்றலாகாது. இறப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுவிடும். பழைய பிறேக் சூக்களில் கல்நார் கலந்திருந்தது. டிரத்தினுள்ளிருக்கும் தூசியை வாயால் ஊதுதலும் காற்றடித்தலும் நுரையீரலுக்குப் பெருந் தீங்கு; ஈரத்துணியால் துடைத்தெடுத்தலே தக்கது.

பிரித்தானியச் சோதனையில் கால் பிறேக்கின் நிறுத்தும் விசை வண்டியின் எடையில் 50 சதவீதமாயினும் இருத்தல் வேண்டும். கைப்பிறேக்குக்கு, திரவத்தொடர் இரண்டாகப் பிரிந்த வண்டியாயின் 16 சதவீதமும், ஒரே தொடருடைய வண்டியாயின் 25 சதவீதமும் வேண்டும். இவ்வேறுபாட்டின் காரணம் வெளிப்படை: கால் பிறேக் முற்றாகக் கைவிடின் மொறிஸ் மைனரை நிறுத்துவது கைப்பிறேக் ஒன்றே.

ரயரும் விளக்கும்

ரயரின் பள்ளம் நடுவிலுள்ள முக்காற் பகுதியில் 1.6 மில்லிமீற்றருக்குக் குறையலாகாது என்பது பிரித்தானிய விதி. ஆயினும் பழைய வண்டியின் ரயர் தேய்வதன் முன்னர் மூப்பெய்திவிடுகின்றது. பள்ளம் ஆழமாயிருக்கப் பக்கச்சுவரில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். மாற்று ரயரையும் ஒழுங்காகப் பார்த்தல் வேண்டும். பழைய குறுக்கிழை ரயரையும் புதிய றேடியல் ரயரையும் ஒரே அச்சிற் கலந்து பூட்டலாகாது. முன்னே றேடியலும் பின்னே குறுக்கிழையும் பூட்டுவதும் தடுக்கப்பட்டுள்ளது. அவ்வாறு பூட்டின் வளைவில் வண்டியின் பின்புறம் முந்தி வழுக்கும்.

விளக்கின் குறைகளிற் பல, கம்பி உடற்றகட்டோடு சேரும் இடத்திற் கறள் பிடிப்பதனால் வருவன. புதுக் குமிழை வாங்குமுன் அவ்விணைப்பைச் சுரண்டித் துப்புரவாக்கினால் விளக்கு மீண்டும் ஒளிர்தல் கூடும். பிறேக் விளக்குகளையும் திசைகாட்டிகளையும் இன்னொருவர் துணையோடு பார்த்தல் வேண்டும். பற்றரி அசையாது கட்டப்பட்டிருத்தலும், துடைப்பானின் இறப்பர் நொய்ந்துபோகாதிருத்தலும் சிறு காரியங்களாயினும், மழையிரவில் உயிர்காப்பன.

எஞ்சினும் புகையும்

1975 ஓகஸ்ற் மாதத்துக்கு முன் வீதிக்கு வந்த பெற்றோல் வண்டியின் புகையைப் பிரித்தானியச் சோதகர் கண்ணால் மட்டுமே நோக்குவார். இலங்கையிற் கருவியால் காபன் மொனொக்சைட்டும் எரியாத ஐதரோக்காபனும் அளக்கப்படுகின்றன. புகையின் நிறமும் அளவும் எஞ்சினின் நோயை அறிவிக்கும். நீலப்புகை சிலிண்டரில் ஒயில் எரிவதையும், கரும்புகை காபரேற்றரில் பெற்றோல் மிகுவதையும், எஞ்சின் சூடேறிய பின்னும் நில்லாத வெண்புகை சிலிண்டரினுள் நீர் புகுவதையும் காட்டும். எரியாத ஐதரோக்காபன் மிகின் தீப்பொறி பழுதெனக் கருதலாம். 948, 1098 எஞ்சின்களில் வால்வின் இடைவெளி 0.012 அங்குலமும், பிளக்கின் இடைவெளி 0.025 அங்குலமும், தீப்பொறி முனைகளின் இடைவெளி 0.015 அங்குலமும் ஆகச் சரிசெய்து, காற்று வடிகட்டியை மாற்றினாலே புகை பெரும்பாலும் அளவுக்குள் அடங்கிவிடும்.

இவ்வெஞ்சின்கள் ஈயங்கலந்த பெற்றோலுக்கென அமைக்கப்பட்டவை. அவ்வகைப் பெற்றோல் பிரித்தானியாவில் 2000இலும் இலங்கையில் 2002இலும் நிறுத்தப்பட்டது. ஈயமின்மையால் வால்வின் இருக்கை காலப்போக்கில் உள்வாங்கி இடைவெளி குறையும். ஆகவே அதனை முன்னையினும் அடிக்கடி அளத்தல் வேண்டும். 

எரிபொருள் மாறினால் பராமரிப்பும் மாறவேண்டும் என்பதற்கு யாழ்ப்பாணம் தக்க சான்று. 1990களில் வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்தபோது அங்கு மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ 40 முதலிய பழைய வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலால் எஞ்சினை இயக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அமுக்கவிகிதம் தாழ்ந்த பழைய எஞ்சினாதலால் அஃது இயன்றது. ஆயின், எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டரின் சுவர்வழியே வடிந்து ஒயிலோடு கலந்து அதனை நீர்க்கச் செய்யும். அளவுகோலில் ஒயில் குறையாது கூடுமாயின் அது நற்குறியன்று. கேடு உள்ளே நடக்கின்றது என்பதன் அறிகுறி. ஒயிலை அடிக்கடி மாற்றினாலன்றி அத்தகைய எஞ்சின் நிலையாது.

சோதனைக்கு ஆயத்தம்

பரீட்சைக்கு முதனாளிரவு படிக்கும் மாணவன் சித்தியடைதல் கூடும், கற்றவனாதல் அரிது. வண்டிக்கும் அஃதே. சோதனைக்கு ஒரு மாதத்தின் முன்னரே ஆயத்தந் தொடங்கவேண்டும். பழைய வண்டியின் உறுப்பு நினைத்தவுடன் கிடைப்பதன்று. முதல் வாரத்தில் அடித்தகட்டைக் கழுவி, உலர்த்தி, கறளையும் குழாய்களையும் ஆராய்தல். இரண்டாம் வாரத்திற் சில்லுகளைக் கழற்றிப் பிறேக்கைத் துப்புரவாக்கிச் சரிசெய்தல். மூன்றாம் வாரத்திற் கிறீஸ் ஏற்றி, ஸ்ரியறிங்கையும் தாங்கும் உறுப்புகளையும் பார்த்தல். இறுதி வாரத்தில் ஒயில், பிளக், விளக்கு, துடைப்பான், ரயரின் காற்று ஆகியவற்றைக் கவனித்தல் என வகுத்துக்கொள்ளலாம். சோதனை நாளன்று வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி எஞ்சினை நன்கு சூடேற்றிய பின்னரே கொண்டுசெல்ல வேண்டும். குளிர்ந்த எஞ்சின் மிகுதியாகப் புகைக்கும்.

சோதனைக்கு முன் அடித்தகட்டிற் கருங்கீல் பூசுதல் தவறான வழக்கம். அது சோதகரின் கண்ணை மட்டுமன்றி உரிமையாளரின் கண்ணையும் மறைக்கின்றது. ஈரக்கறளின் மேற் பூசிய கீல் ஈரத்தை உள்ளடக்கி அழிவை விரைவாக்கும்.

2018 முதல் பிரித்தானியாவிற் குறைகள் அபாயமானவை, பெரியவை, சிறியவை என மூன்றாக வகுக்கப்படுகின்றன. முதலிரண்டும் வண்டியைத் தள்ளுவன. இவற்றின் வேறாக, இனிக் கவனிக்கத்தக்கவை எனச் சோதகர் எழுதும் குறிப்புகள் உள. சித்தியடைந்த மகிழ்ச்சியிற் பலர் அவற்றை வாசிப்பதில்லை. அடுத்த ஆண்டின் குறை இவ்வாண்டின் குறிப்பிலே இருக்கின்றது. ஒரு கொப்பியில் ஒவ்வொரு வேலையையும் திகதியும் மைற்கணக்கும் இட்டு எழுதிவைப்பவர், எந்த உறுப்பு எப்போது தவணை முடியும் என்பதை முன்கூட்டியே அறிவார்.

முடிவு

தகுதிச் சான்றிதழ் சோதனை நடந்த வேளையில் வண்டியிருந்த நிலையையே கூறுகின்றது. மறுநாள் ஒரு குழாய் ஒழுகத் தொடங்கினால் அதனைத் தடுக்கும் ஆற்றல் அக்கடதாசிக்கு இல்லை. ஆண்டின் ஏனைய 364 நாட்களுக்கும் சான்று உரிமையாளரின் கண்ணும் கையுமே. நாற்பது ஆண்டு கடந்த வண்டியைச் சட்டம் சோதியாது விடுவதற்குக் கூறிய காரணம், அதன் உரிமையாளர் அதனை நன்கு பேணுகின்றார் என்பது. அக்கூற்றை மெய்யாக்குவது அவர் கடமை. வீதியில் எதிரே சைக்கிளில் வரும் பள்ளிப்பிள்ளைக்கு அவ்வண்டி எத்தனை ஆண்டு பழையது என்பது தெரியாது, தெரியவேண்டியதுமில்லை. மிதித்தவுடன் அது நிற்கவேண்டும். பழைய வண்டியைப் பேணுதல் என்னும் கலையின் முதலும் முடிவும் இதுவே.